இரவல் முரசு

ஆவணிப் பௌர்ணமிக்கு முந்திய நாள் மாலை. மேற்கே, படுத்திருக்கும் யானையைப் போன்ற வேழமலையின் முதுகுக்குப் பின்னால் செங்கதிரோன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே நீலக் கடலுக்குள்ளிருந்து வெண்மதி மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்தது. இருசுடரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட அந்தச் சிறு பொழுதில், கரியாற்றின் அகன்ற முகத்துவாரம் மேற்பாதி பொன்னாகவும் கீழ்ப்பாதி வெள்ளியாகவும் தகதகத்தது. கரையோரத்துத் தாழம்புதர்களிலிருந்து வந்த நறுமணம் நீர்ப்பரப்பெங்கும் பரவியிருந்தது. நாணற்காட்டில் நாரைகள் இடத்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன.

இத்தனை எழிலையும் கண்ணெடுத்துப் பார்க்காத மனிதன் ஒருவன் அந்த ஆற்றில் போய்க்கொண்டிருந்தான். அவன் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்தபடி, காலையில் உண்ட கஞ்சியைக் கரியாற்றுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தான்.

அன்பார்ந்த வாசகர்களே! நம் கதாநாயகனை இந்தக் கோலத்தில் அறிமுகப்படுத்த நேர்ந்ததற்கு வருந்துகிறேன். வெண்புரவி மீது வாளை உருவிக்கொண்டு வருபவனாக அவனைக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் பெருஞ்சாத்தனுக்குக் குதிரை என்றால் பயம், வாள் என்றால் அதைவிடப் பயம். அவன் புன்னைக்கரை நாட்டின் ஓலைநாயகம். அரசர் வாய்மொழிவதை ஓலையில் எழுதி, பிழை திருத்தி, முத்திரையிட்டு அனுப்புவதே அவன் வேலை. முப்பது வயதுக்குள் அவன் எழுத்தாணி பிடித்த கை காய்த்துப்போயிருந்தது. வயிறோ நாளொரு மேனியாக வளர்ந்துகொண்டிருந்தது.

"இது ஆறு, ஓலைநாயகரே. அலையே கிடையாது. ஆத்துல வாந்தி எடுக்குற ஆளை இன்னைக்குத்தான் பார்க்குறேன்" என்றாள் சுக்கான் பிடித்திருந்த நீலவல்லி.

"கடலில் எடுக்க வேண்டியது மீதம் இருந்தது, அம்மணி" என்றான் சாத்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

துடுப்பு வலித்த ஆறு பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். நீலவல்லியின் உதட்டோரமும் கொஞ்சம் துடித்தது. அதைக் கண்டதும் சாத்தனின் வயிறு உடனே சரியாகிவிட்டது. மூன்று திங்களுக்கு முன் அவன் அவளிடம் தன் மனத்தைச் சொல்லியிருந்தான். அவள் சொன்ன மறுமொழி சுருக்கமானது: "எங்கப்பா வீட்டுக்கு வரட்டும். அவர்கிட்டக் கேளுங்க."

அவளுடைய தந்தை சுறவனார் எங்கே போயிருந்தார்? அதைச் சொன்னால்தான் இந்தப் படகில் துடுப்பு வலிக்க ஆண்களே இல்லாத காரணமும் விளங்கும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை புன்னைக்கரை, வேழமலைப் பேரரசின் கீழ்ப்பட்ட சிறுநாடு. அந்நாட்டு ஆண் குழந்தைக்கு ஏழு வயதானால் வலது புயத்தில் பேரரசின் யானைச் சின்னத்தைப் பச்சை குத்துவார்கள். பிறகு ஒருநாள் புன்னைக்கரையார் தனியரசு என்று அறிவித்தார்கள். சக்கரவர்த்தி கோவேழர் ஏதோ நினைவில், சரி போங்கள் என்று பிரிவோலையில் முத்திரை வைத்துவிட்டார். ஆனால் குத்திய பச்சை போகுமா? புன்னைக்கரைக்காரரைப் போலத் துடுப்பு வலிப்பவர் ஏழு கடலிலும் கிடையாது. ஆகவே வேழமலைக் கடற்படை அவர்களுடைய படகுகளை நடுக்கடலில் மறித்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, யானை இருந்தால் "நீ எங்கள் ஆள்" என்று இழுத்துக்கொண்டு போய்த் தன் நாவாய்களில் துடுப்பு வலிக்க உட்கார்த்தி வைத்தது. இப்படிப் போனவர்கள் முந்நூறு பேர். சுறவனார் அவர்களில் ஒருவர்.

இதற்கு வேழமலையார் காட்டிய ஆதாரம்தான் பெருஞ்சாத்தனின் தூக்கத்தைக் கெடுத்தது. பிரிவோலையை எழுதியவன் அவனேதான். பேரரசுக்கு எழுதும் எந்த ஓலையையும் 'பழைய மரியாதைகள் பழையபடியே தொடரும்' என்று முடிப்பது அவன் வழக்கம். ஆயிரம் ஓலை அப்படி எழுதிய கை, ஆயிரத்தோராவதான அந்த ஓலையையும் அப்படியே முடித்துவிட்டது! துடுப்பு வலிப்பதும் பழைய மரியாதைதானே என்று கேட்டது வேழமலை. பழக்கதோஷத்தால் எழுதிய ஒரு வரி முந்நூறு குடும்பங்களின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. நீலவல்லிக்கும் இது தெரியும். அவள் அதைப் பற்றி அவனிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அது அவனை இன்னும் வாட்டியது.

சென்ற வாரம் அரசர் சேந்தனார் அவையைக் கூட்டினார். போர் என்று எல்லோரும் ஒரே குரலில் முழங்கினார்கள். சாத்தன் மட்டும், "இன்னொரு விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கலாமே" என்று முனகினான். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பிறகுதான் சிக்கல் தெரியவந்தது. போர் தொடங்குவது எப்படி என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இருநூறு ஆண்டுகளாக அவர்கள் பேரரசின் போர்களில் சண்டையிட்டார்களே தவிர, சொந்தமாக ஒரு போரும் நடத்தியதில்லை.

"முரசறைந்தால் தீர்ந்தது" என்றார் படைத்தலைவர். "போர்முரசு அதிர்ந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பது நம் குலவழக்கம். என் பாட்டனார் சோற்றுக் கவளத்தையே இலையில் போட்டுவிட்டு எழுந்தவர்."

"முரசு எங்கே?" என்று கேட்டார் அரசர்.

போர்முரசு என்பது சந்தையில் கிடைப்பதல்ல. வென்ற பகைவனின் காவல்மரத்தை வெட்டித்தான் அதற்கு உடல் குடைய வேண்டும். புன்னைக்கரை இதுவரை எவரையும் வென்றதில்லை. வெல்லப் போர் வேண்டும். போருக்கு முரசு வேண்டும். முரசுக்கு முன்பே வென்றிருக்க வேண்டும். அமைச்சர்கள் இதை இரண்டு நாழிகை சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"முன்பெல்லாம் என்ன செய்தோம்?"

"பேரரசிடம் இரவல் வாங்கினோம், அரசே. கீழ்ப்பட்ட நாடுகள் கேட்டால் முரசு கொடுப்பது அவர்களுடைய பழைய மரியாதை."

எல்லார் கண்களும் சாத்தன் பக்கம் திரும்பின. பழைய மரியாதைகள் தொடரும் என்று எழுதியவனே போய்க் கேட்டு வாங்கி வரட்டும் என்று தீர்ப்பாயிற்று. பகைவன்மேல் போர் தொடுக்கப் பகைவனிடமே முரசை இரவல் கேட்கப் போன முதல் தூதன் என்ற பெருமை இவ்வாறு நம் கதாநாயகனுக்கு வாய்த்தது. அவன் அரசரிடம் ஒரே ஒரு வரம் கேட்டான். முதலில் ஆட்களைத் திருப்பிக் கேட்பது, கொடுத்துவிட்டால் முரசு கேட்காமலே திரும்பிவிடுவது. அரசர் தலையசைத்தார்.

துறைமுகத்தில் அவர்களை எதிர்கொண்டவர் கடற்படைத் தலைவர் கொடுங்கை நாயகர். அவருடைய மீசையின் இரு நுனிகளும் காதுக்கு மேலே ஏறியிருந்தன. புன்னைக்கரைப் படகு என்றதும் அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே குதித்தார். பெண்களைக் கண்டு முகம் சுளித்தார். பிறகு சாத்தனின் சால்வையை விலக்கிப் புயத்தைப் பார்த்தார்.

"யானை இருக்கிறதே!" என்றார் மகிழ்ச்சியோடு.

"நான் தூதன், ஐயா. தூதுக்கோல் இதோ."

நாயகர் கோலைப் பார்க்கவில்லை. சாத்தனின் தோளை அழுத்திப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கடைசியில் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "வேண்டாம். இவனை ஏற்றினால் நாவாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். போக விடுங்கள்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய வீரர்களும் சிரித்தார்கள்.

சாத்தனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. நீலவல்லி மட்டும் சிரிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

மறுநாள் காலை, வேழமலை அரண்மனையின் கொலு மண்டபம். தந்தத்தால் இழைத்த அரியணையில், பருத்த மேனியும் பஞ்சு போன்ற தாடியுமாக வீற்றிருந்தார் சக்கரவர்த்தி கோவேழர். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. உலகம் முழுவதும் தாம் பெற்ற பிள்ளைகள் என்று நினைப்பவர், அதுதான் தொல்லை.

"வாருங்கள், வாருங்கள்! நம் புன்னைக்கரைக் குழந்தைகளா? சேந்தன் சௌக்கியமா? மகுடம் தலையில் நிற்கிறதா, நழுவி மூக்கில் விழுகிறதா?"

அவையோர் சிரித்தார்கள். சாத்தன் தரையில் விழுந்து வணங்கி, நான்கு இரவு கண்விழித்து எழுதிய விண்ணப்பத்தைப் படித்தான். முந்நூறு பேரின் பெயரையும் ஊரையும் ஒவ்வொன்றாகப் படித்தான். சுறவனார் என்ற பெயர் வந்தபோது அவன் குரல் தடுமாறியது. படித்து முடித்து நிமிர்ந்தபோது சக்கரவர்த்தி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓலைநாயகரே! பழைய மரியாதைகள் பழையபடியே தொடரும் என்று எழுதிக் கொடுத்தவர் நீர்தானே? நம் யானையைக் கையில் சுமந்துகொண்டு பிள்ளைகள் கடலில் வழிதவறித் திரிகிறார்கள். பிடித்து வந்து சோறு போட்டு வேலையும் கொடுத்தால், அதற்கு ஒரு விண்ணப்பமா? போதும், வேறு ஏதாவது கேளும். பொம்மை, பலகாரம், எது வேண்டுமானாலும்!"

மண்டபம் அதிரச் சிரிப்பு எழுந்தது. பயந்த மனிதனுக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் பயப்படுவது அலுத்துப்போகும் போலும். அவன் ஓலையைச் சுருட்டி இடையில் செருகிக்கொண்டு, "அப்படியானால் பெருமானே, அதே வரியின்படி எங்களுக்குப் போர்முரசை இரவல் தந்தருள வேண்டும்" என்றான்.

சிரிப்பு நின்றது. சக்கரவர்த்தி ஆவலோடு முன்னால் சாய்ந்தார். "போரா? நம் குழந்தைகள் போருக்குப் போகிறார்களா! யார்மேல்?"

சாத்தன் பொய் சொல்லிப் பழகாதவன். "பெருமானே, மன்னிக்க வேண்டும். நாங்கள் போர் தொடுப்பது தங்..."

"நிறுத்தும்! நிறுத்தும்!" என்று அலறிக்கொண்டு, தூணுக்குப் பின்னாலிருந்து மயிற்பீலி விசிறியும் கையுமாக ஓடிவந்தார் ஒரு மெலிந்த முதியவர். முரசுக்கட்டில் அதிகாரி வெண்கோடனார் அவர்தான். நாற்பது ஆண்டுகளாக அந்த முரசைப் பட்டுமெத்தையில் கிடத்தி, பூச்சூட்டி, நெய் தடவி, விசிறி வீசி வருபவர். மனைவி மக்களுக்கு அவர் ஒருநாளும் விசிறி வீசியதில்லை என்று ஊரில் பேச்சு. "முரசு எல்லையைத் தாண்டும்வரை பகைவனின் பெயரை உச்சரிக்கக் கூடாது! உச்சரித்தால் முரசுக்குத் தீட்டு! நூற்றெட்டுக் குடம் நீராட்ட வேண்டும்!"

"ஆனால் ஐயா, பெருமான் அறிந்துகொள்வது நியாயம். அந்தப் பகைவர் வேறு யாருமல்லர், இந்த..."

வெண்கோடனார் விசிறியாலேயே சாத்தனின் வாயைப் பொத்தினார். சக்கரவர்த்தி கையமர்த்தினார். "விதி என்றால் விதிதான். பெயர் வேண்டாம். காரணம் கேட்கலாமா, வெண்கோடரே?"

"காரணம் தாராளமாகக் கேட்கலாம், பெருமானே."

வாயிலிருந்த மயிற்பீலியை எடுத்துவிட்டு, சாத்தன் மெல்லச் சொன்னான். "எங்களைவிடப் பெரியவர் ஒருவர், எங்கள் ஆட்களைக் கடலில் பிடித்துக்கொண்டு போகிறார். பெண்டு பிள்ளைகள் கரையில் நின்று காத்திருக்கிறார்கள். திருப்பித் தாருங்கள் என்று பணிந்து கேட்டோம்."

"கேட்டதற்கு?"

"சிரித்தார்."

"சிரித்தானா!" கோவேழர் அரியணையின் கையில் ஓங்கி அறைந்தார். தாடி துடித்தது. "ஆள் பிடித்ததைக்கூடப் பொறுக்கலாம். கேட்டு வந்தவனைப் பார்த்துச் சிரித்தானா? எவ்வளவு திமிர்! பல்லைத் தட்ட வேண்டாமா! அப்படிப்பட்டவன்மேல் நீங்கள் படையெடுக்காவிட்டால், உங்களை வளர்த்து ஆளாக்கிய எமக்கல்லவா அவமானம்!"

"பெருமானின் இந்தத் திருவாக்கை எல்லையில் எடுத்துச் சொல்லலாமா?"

"சொல்லும்! உரக்கச் சொல்லும்! இந்தப் போர் நியாயமானது என்று கோவேழர் சொன்னார் என்று நாலு திசைக்கும் கேட்கும்படி சொல்லும்! வெண்கோடரே, முரசைக் கொடும். பழைய வழக்கப்படி முரசு ஏறும் படகுக்குத் துடுப்பு வலிக்க யானைச் சின்னம் பெற்றவர் பன்னிருவரை இவரே பொறுக்கிக்கொள்ளட்டும். கொடுங்கை நாயகர் அரச நாவாயில் எல்லைவரை சென்று வழியனுப்பட்டும்!"

சாத்தன் வணங்கினான். தரையில் பதிந்த அவன் முகத்தில் என்ன இருந்தது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

பன்னிருவர்! அந்தச் சொல் அவன் காதில் தேனாய்ப் பாய்ந்தது. மண்டபத்திலிருந்து துறைமுகத்துத் துடுப்புச் சாலைக்கு அவன் ஓடியே போனான் என்றால், அவனை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நீலவல்லி அவனுக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

நீண்ட ஓலைக் கொட்டகை. உப்புக்காற்றில் கறுத்த உடம்புகளோடு முந்நூறு பேரும் துடுப்புகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். மகளைக் கண்டதும் சுறவனார் எழுந்து வந்தார். நரைத்த தலை, பாறை போன்ற தோள்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நாவாயில் தாளப்பறையின் ஒலி அவருக்குச் சரியாகக் கேட்காது; பலகையின் அதிர்வைக் காலால் உணர்ந்தே துடுப்புப் போடுவார். ஆயினும் அரச நாவாயின் தலைத்துடுப்பு அவரிடம்தான் இருந்தது. அவர் போட்டால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் போடுவார்கள்.

சாத்தன் பன்னிருவர் கதையை அவர் காதருகே கத்தினான். "முதல் பெயர் தங்களுடையது!" என்று முடித்தான்.

கிழவர் சுற்றிலும் பார்த்தார். முந்நூறு முகங்களும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னை விடுங்க தம்பி" என்றார் சுறவனார். "அதோ அந்த மூலையில இருக்கான் பாருங்க, அவனுக்குப் பொறந்த புள்ளையை அவன் இன்னும் பார்க்கல. அவனைக் கூட்டிப் போங்க. இந்தக் கிழவன் போயி என்ன ஆகப்போவுது?"

"அப்பா!" என்றாள் நீலவல்லி. அவள் குரல் உடைந்தது.

"அழாதே புள்ள. பன்னெண்டு பேரைக் கொண்டுபோனா மிச்சம் உள்ளவங்களுக்கு யாரு பதில் சொல்றது? நான் இருந்து சொல்றேன்." பிறகு சாத்தனைப் பார்த்தார். "முரசை அறையப்போறது யாரு? நீங்களா?"

"தூதன்தான் அறைய வேண்டுமாம்."

"ஓங்கி அறைங்க. எனக்குக் காது மந்தம்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் துடுப்புக்கு எண்ணெய் பூசப் போய்விட்டார்.

பன்னிரண்டு பெயர்களைப் பொறுக்குவதற்குள் சாத்தனுக்குப் பன்னிரண்டு முறை நெஞ்சு வலித்தது. ஒவ்வொருவனைத் தொட்டபோதும் தொடாமல் விட்ட பத்துப் பேர் கண்ணில் தெரிந்தார்கள்.

அன்று பிற்பகல், கடல் உள்வாங்கும் நேரம். ஆற்று வெள்ளம் சுழித்துக்கொண்டு கடலை நோக்கி ஓடியது. முகத்துவாரத்துக்கு அப்பால், நுரைசூழ நின்றது எல்லைப்பாறை. அதற்கு இந்தப் பக்கம் பேரரசு, அந்தப் பக்கம் புன்னைக்கரை. பன்னிருவரும் துடுப்பு வலிக்க, நீலவல்லியின் படகு பாறையைத் தாண்டி நங்கூரமிட்டது. படகின் நடுவில் பட்டுமெத்தை. அதன்மேல் யானைக்கன்று அளவில் போர்முரசு. அருகே விசிறியோடு வெண்கோடனார். முரசு போகும் இடமெல்லாம் அவரும் போக வேண்டும் என்பது விதி.

பாறைக்கு மறுபக்கம் அரச நாவாய் அறுபது துடுப்புகளாலும் எதிர்நீச்சல் போட்டு ஒரே இடத்தில் நின்றது. மேல்தட்டில் சங்கும் கொம்பும் ஏந்திய வாத்தியக்காரர்கள் நின்றார்கள். முரசுக்கு முன் ஆயுதம் ஆகாது என்று வெண்கோடனார் பிடிவாதம் பிடித்ததால், கொடுங்கை நாயகர் உட்பட எல்லாரும் வாளைத் துறைமுகத்திலேயே விட்டு வந்திருந்தார்கள்.

பெருஞ்சாத்தன் எழுந்து நின்றான். நாவாயைப் பார்த்து அவன் அறிவித்தான்:

"கேளுங்கள்! எங்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். பணிந்து கேட்டோம், சிரித்தார்கள். இப்படிப்பட்டவர்மேல் போர் தொடுப்பது நியாயம் என்று சக்கரவர்த்தி கோவேழரே திருவாய் மலர்ந்தருளினார். ஆகையால் புன்னைக்கரை நாடு இன்று போர் தொடுக்கிறது. வேழமலைப் பேரரசின்மேல்!"

வெண்கோடனாரின் விசிறி நழுவிக் கடலில் விழுந்தது. அவர் மேலே பார்த்தார், விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார், நாற்பது ஆண்டுகளாகத் தமக்கு மனப்பாடமான விதிகளையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுத்தார். கடைசியில் முகம் தெளிந்து, "முரசுக்கு உரியவர்மேலேயே அதை அறையக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை" என்று அறிவித்தார்.

நாவாயின் மேல்தட்டில் கொடுங்கை நாயகர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "இவனா? இந்த வயிறா? எங்கள்மேலா?" கொம்பூதிகள் சிரித்தார்கள்; சங்கூதிகள் சங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சாத்தன் முரசுக்கோலை எடுத்து ஓர் அடி அடித்தான். அடித்துப் பழகாத கையின் அடி. கதவைத் தட்டினாற்போல மெல்லிய ஓசை எழுந்து காற்றில் கரைந்துபோயிற்று. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"அப்பாவுக்குக் காது மந்தம்னு மறந்துட்டீங்களா?" என்றாள் நீலவல்லி. அவள் கண்கள் நிறைந்திருந்தன. "அவருக்கு அது கேட்டிருக்காது."

சாத்தன் அவளைப் பார்த்தான். பாறைக்கு அப்பால் நாவாயின் முதல் துடுப்புத் துளையில், ஒரு நரைத்த தலை துடுப்போடு முன்னும் பின்னும் அசைவதைப் பார்த்தான். தன் கையால் எழுதிய அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. கொலு மண்டபத்துச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவன் கோலை இரு கைகளாலும் பிடித்தான், கண்ணை மூடிக்கொண்டான், தன் வாழ்நாளில் எதையும் அடிக்காத மனிதன் அத்தனை நாள் சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் கூட்டி அறைந்தான்.

டம்ம்ம்!

படகுப் பலகைகள் அதிர்ந்தன. நாணற்காட்டு நாரைகள் ஒட்டுமொத்தமாக வானில் எழும்பின. நீருக்கடியில் ஓடிய அதிர்வு நாவாயின் அடிப்பலகையைத் தொட்டு, சுறவனாரின் உள்ளங்காலில் ஏறிற்று.

கிழவர் கையிலிருந்த துடுப்பைக் கீழே போட்டார். எழுந்து நின்றார்.

அவருக்குப் பின்னால் ஐம்பத்தொன்பது பேரும் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். போர்முரசு அதிர்ந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு எழுவது அவர்களுடைய குலவழக்கம் அல்லவா? அறுபது துடுப்புகள் தடதடவென்று சரிந்து தண்ணீரில் விழுந்து மிதந்து போயின.

நாயகரின் சிரிப்புப் பாதியில் நின்றது. "வலியுங்கள்! உட்கார்ந்து வலியுங்கள்!" என்று கத்தினார். இடுப்பில் கைவைத்தார், அங்கே வாள் இல்லை. வலிக்க மனம் இருந்தாலும் துடுப்பு இல்லை. கடலை நோக்கி ஓடிய வெள்ளம் துடுப்பில்லாத அரச நாவாயைப் பக்கவாட்டில் திருப்பி, சங்கும் கொம்பும் மீசையுமாக அப்படியே சுமந்துகொண்டு, எல்லைப்பாறையைச் சுற்றி நிதானமாகப் புன்னைக்கரையின் கடலில் கொண்டுவந்து விட்டது.

வாசகர்களே, எத்தனையோ போர்களில் முதல் வெற்றிக்கு ஆயிரம் தலைகள் உருண்டதாகக் கேட்டிருக்கிறோம். புன்னைக்கரையின் முதல் வெற்றியில் உருண்டவை மூன்று சங்குகளும் ஒரு கொம்பும்தான்.

சுறவனார் நாவாயிலிருந்து நீரில் குதித்து நீந்தி வந்தார். மகள் அவரைப் படகுக்குள் இழுத்தாள். நனைந்த கிழவரைக் கட்டிக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சாத்தன் கோலைப் பிடித்தபடி கல்லாய் நின்றான்.

கொடுங்கை நாயகர் நாவாயின் விளிம்பிலிருந்து கையைக் கூப்பினார். "ஓலைநாயகரே! அறுபது பேரும் பன்னிருவரும் கிடைத்துவிட்டார்கள். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. முரசைக் கொடுத்துவிடும். போர் வேண்டாம், சமாதானமாகப் போவோம்!"

வெண்கோடனாரும் ஆவலோடு சாத்தனைப் பார்த்தார். முரசை அதன் கட்டிலில் கிடத்தும் நேரம் தவறிக்கொண்டிருந்தது.

நேற்றுவரை சமாதானம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத் தவம் கிடந்தவன் சாத்தன். அவன் கரியாற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தான். துடுப்புச் சாலையின் ஓலைக் கூரை தொலைவில் சிறு கோடாகத் தெரிந்தது. சால்வையை உதறிவிட்டு, யானை குத்திய வலக்கரத்தை முரசின்மேல் வைத்தான்.

"அந்தக் கொட்டகையில் இன்னும் இருநூற்று இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள்" என்றான். "அவர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். கடைசி ஆள் வீட்டு வாசலில் கால்வைக்கும்வரை இந்த முரசு கட்டிலில் படுக்காது. நான் மணமாலை சூடமாட்டேன். இது புன்னைக்கரை ஓலைநாயகத்தின் சபதம். இதை ஓலையில் எழுதப் போவதில்லை. ஏனென்றால் எழுதினால் பழக்கதோஷத்தில் கடைசியில் எதையாவது சேர்த்துவிடுவேன்."

நீலவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். முதன்முதலாக, அவள் கேலி செய்ய ஒன்றும் தேடவில்லை.

சுறவனார் தலையைச் சாய்த்துக் காதில் புகுந்த நீரைத் தட்டிவிட்டார். "என்னம்மா சொல்றாரு?"

அவள் அவர் காதில் சொன்னாள். முழுவதையும் சொன்னாள், சபதத்தையும் சொன்னாள், மாலையையும் சொன்னாள். கிழவர் சாத்தனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கீழே கிடந்த இன்னொரு முரசுக்கோலை எடுத்து அவன் இடக்கையில் திணித்தார்.

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க, மருமகனே? ரெண்டு கையாலயும் அறைங்க. கொட்டகை தூரத்துல இருக்கு."